தனியாக குரூஸ் போகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு எந்த மேஜை கேட்பது?

நங்கநல்லூர் பென்ஷனர்

எல்லோருக்கும் வணக்கம். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வயது 63. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புகெட் போய்விட்டு நான்கு ராத்திரியில் அங்கேயே திரும்பும் கப்பலில் ஒரு கேபின் போட்டிருக்கிறேன். கூட யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு ஆள் போனாலும் கிட்டத்தட்ட இரண்டு ஆள் காசு கட்ட வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னபோது கொஞ்சம் வயிறு எரிந்தது, சரி, அது போகட்டும், கட்டியாகிவிட்டது.

இப்போது பிரச்சினை வேறு. ஃபாரத்தில் ராத்திரி சாப்பாட்டுக்கு எந்த நேரம் என்று கேட்கிறார்கள். மாலை 5.30, ராத்திரி 8.00, இல்லையென்றால் "மை டைம்", அதாவது நமக்குத் தோன்றும் நேரத்துக்குப் போகலாமாம். அதோடு சின்ன மேஜையா பெரிய மேஜையா என்றும் ஒரு கேள்வி. ஏஜென்டைக் கேட்டால் "ஏதாவது ஒண்ணு போடுங்க மேடம், அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார். அவர் கப்பலில் கால் வைத்தவர் மாதிரி தெரியவில்லை.

பகலில் தனியாக இருப்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. புத்தகம் இருக்கிறது, நடக்க டெக் இருக்கிறது, கடல் இருக்கிறது. ராத்திரி சாப்பாடு மட்டும்தான் உறுத்துகிறது. எட்டு பேர் மேஜையில் ஏழு பேர் ஒரே குடும்பமாக இருந்து, அவர்கள் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டே இருக்க, எட்டாவதாக நான் தண்ணீர் கிளாசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ என்று ஒரு பயம். சரி, தனி மேஜை கேட்கலாம் என்றால், வெயிட்டர் வந்து "வேற யாராவது வராங்களா" என்று கேட்டுவிட்டு எதிரே இருக்கிற தட்டையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு போவாரே, அதை நான்கு ராத்திரியும் பார்க்க வேண்டும். தங்கை, "பஃபேல தட்டை எடுத்துக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்துடு" என்கிறாள். ஒருநாள் சரி, தினமுமா?

இன்னொன்று, நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பக்கத்தில் ஒருவர் நண்டு உடைத்தால் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஏன் சாப்பிடுவதில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் கொடுக்க என்னால் முடியாது. தனியாகப் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம் முன்னாள் வெயிட்டர்

மேடம், நான் கப்பலில் மெயின் டைனிங் ரூமில் அசிஸ்டென்ட் வெயிட்டராகச் சேர்ந்து அப்புறம் வெயிட்டராக இருந்தவன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். நீங்கள் பயப்படுகிற ஏழு பேர் குடும்பக் கதை அநேகமாக நடக்காது. குடும்பமாக வருகிறவர்கள் புக்கிங்கையே ஒன்றாக இணைத்து வைத்திருப்பார்கள், அவர்களுக்கு அவர்கள் மேஜை தனியாகப் போய்விடும். யாரை எங்கே உட்கார வைப்பது என்று பிளான் போடுகிறவர் மேட்ர டீ, அந்த ஹாலுக்கே அவர்தான் பெரியவர். தனியாக வருகிறவர்கள், ஜோடியாக வந்து பெரிய மேஜை கேட்டவர்கள், இவர்களை ஒன்றாகச் சேர்த்து ஆறு பேர், எட்டு பேர் மேஜை போடுவதுதான் வழக்கம், பாஷையும் வயதும் ஓரளவு பார்ப்பார். ஆனால் நீங்கள் "பெரிய மேஜை" என்று குறித்திருந்தால்தான் அந்தக் கணக்கில் வருவீர்கள், காலியாக விட்டால் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போடுவார்கள்.

நேரத்தைப் பற்றி. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 5.30 சாப்பாடு என்றால் உங்கள் வயிற்றுக்கு மதியம் மூன்று மணி. எட்டு மணி என்றாலும் சென்னைக்கு மாலை ஐந்தரைதான், டிபன் நேரம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எட்டு மணி போடுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. 5.30க்கு வருகிறவர்களில் குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் அதிகம், நாங்களும் அடுத்த பந்திக்கு மேஜையைத் தயார் செய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் அவசரத்தில் இருப்போம். எட்டு மணி ஆட்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசுவார்கள், முழுச் சாப்பாடும் முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும்.

ஃபிக்ஸட் டைமிங்கில் தினமும் அதே மேஜை, அதே முகங்கள், அதே வெயிட்டர். முதல் நாள் ஊர் பேர் கேட்பார்கள், இரண்டாம் நாள் "இன்னைக்கு பினாங்குல எங்க போனீங்க" என்று தானாகப் பேச்சு வந்துவிடும். மை டைமில் அது கிடைக்காது, ஒவ்வொரு ராத்திரியும் ஊர் பேரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில பேருக்கு அதுதான் பிடிக்கிறது, ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் அந்த ரகம் இல்லை என்று தோன்றுகிறது.

மேஜை பிடிக்கவில்லை என்றால் முதல் நாளே மாற்ற வேண்டும். கப்பல் ஏறின மத்தியானம் டைனிங் ரூம் வாசலில் இதற்கென்றே ஆள் இருப்பார், இல்லாவிட்டால் சாப்பாடு முடிந்ததும் மேட்ர டீயிடம் சொல்லுங்கள். முதல் ராத்திரி எத்தனையோ பேர் மேஜை மாற்றம் கேட்டு நிற்பார்கள், அதனால் நீங்கள் கேட்டதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தள்ளிப்போட்டால் கஷ்டம், எல்லோரும் அவரவர் இடத்தில் செட்டாகிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. நான்கு ராத்திரி பயணத்தில் நிறையப் பேர் ஒரு நாள் பஃபே, ஒரு நாள் தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் ரெஸ்டாரன்ட் என்று போய்விடுவார்கள். எட்டு பேர் மேஜையில் மூன்றாம் நாள் நீங்களும் இன்னொருவரும் மட்டும் உட்கார்ந்திருக்கலாம். அப்போது வெயிட்டரிடம் சொன்னால் பக்கத்தில் காலியாக இருக்கிற மேஜையோடு சேர்த்துவிடுவார். வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சைவம் பற்றி இப்போதே ஏஜென்ட் மூலம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், முட்டை இல்லை என்பதையும் சேர்த்து. உள்ளே போனதும் ஹெட் வெயிட்டரிடம் மறுபடி சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் நம்மவர்கள் நிறைய ஏறுவதால் இந்தியச் சைவச் சாப்பாடு ஒன்றும் அதிசயம் இல்லை. முதல் நாளே மறுநாள் மெனுவைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், வேண்டியதைச் சொல்லி வைத்துவிடலாம். மெனுவில் காய்கறி நூடுல்ஸ், காய்கறி சூப் என்று இருந்தாலும் அந்தப் பக்கத்துச் சமையலில் மீன் சாஸ் சேரும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கேக், புட்டிங் எல்லாம் முட்டைதான், பழமும் சில ஐஸ்கிரீமும் தேறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடையாறு ஆலமரம்

ராயபுரத்தார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ராத்திரி மேஜையை நம்பி உட்காராதீர்கள் அக்கா என்பதுதான் என் கட்சி. நான் வருஷக்கணக்கில் தனியாகத்தான் சுற்றுகிறேன், எனக்குக் கப்பலில் கிடைத்த நல்ல சிநேகம் ஒன்றுகூட ராத்திரி டின்னரில் கிடைத்ததில்லை. எல்லாம் காலை டிபனிலும், கப்பல் எந்த ஊரிலும் நிற்காமல் கடலிலேயே போகிற நாளின் மத்தியானச் சாப்பாட்டிலும்தான். அந்த நேரத்தில் டைனிங் ரூமில் ரிசர்வ் மேஜை கிடையாது, வாசலில் "ஷேர் பண்ணிக்கிறேன்" என்று சொன்னால் நாலைந்து பேரோடு உட்கார வைப்பார்கள். பேச்சு ஒத்துப்போனால் ஒரு மணி நேரம் பேசலாம், போகாவிட்டால் இருபது நிமிஷத்தில் டோஸ்ட்டை முடித்துவிட்டு எழுந்துவிடலாம். ராத்திரி அப்படி முடியுமா? சூப் வந்து, சாலட் வந்து, மெயின் வந்து, ஸ்வீட் வரும்வரை அந்த மனுஷர் தன் பங்கு முதலீட்டைப் பற்றிப் பேசுவார், நாம் தலையாட்ட வேண்டும்.

இரண்டாவது, கப்பலில் தினமும் அன்றைய நிகழ்ச்சி அட்டவணை கொடுப்பார்கள், இப்போது நிறையக் கப்பலில் ஆப்பிலேயே வந்துவிடுகிறது. அதில் தனியாக வந்தவர்கள் சந்திப்பு என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் முதல் நாளோ இரண்டாம் நாளோ ஏதாவது ஒரு பாரில் வைப்பார்கள். குடிக்க வேண்டிய அவசியம் இல்லை, எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம். அங்கே இரண்டு பேர் பிடித்துப்போனால் "ராத்திரி சேர்ந்து சாப்பிடலாமா" என்று கேட்டு நீங்களே ஒரு மேஜை உருவாக்கிக்கொள்ளலாம். இதற்காகத்தான் நான் எப்போதும் மை டைம் எடுக்கிறேன்.

அதே அட்டவணையில் "ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பில் டபிள்யூ" என்று ஒன்று இருக்கும். பேரைப் பார்த்து யாரோ பில் என்பவரின் நண்பர் குழு, நாமும் சேர்ந்துகொள்ளலாம் என்று போய்விடாதீர்கள். அது குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், ஆட்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று அப்படிப் போடுகிறார்கள்.

மூன்றாவது, தனிக் கட்டணம் வாங்கும் ஜப்பான் கிரில் ரெஸ்டாரன்ட் சில கப்பல்களில் உண்டு, சூடான தட்டைச் சுற்றி எட்டுப் பத்து பேரை உட்கார வைத்து நடுவில் சமையல்காரர் வித்தை காட்டுவார். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிப்பதால் யார் தனி, யார் ஜோடி என்றே தெரியாது. ஆனால் உங்களுக்கு அது சரிப்படாது, இறால் வறுத்த அதே தட்டில்தான் காயும் வதங்கும்.

"தனியாவா வந்தீங்க?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், வெள்ளைக்காரர்கள் அல்ல, நம் ஆட்கள்தான். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உடனே "நீங்க எந்த ஊர்?" என்று திருப்பிக் கேளுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. இன்னொரு தொல்லை, தமிழ்க் கூட்டம் ஒன்று உங்களைத் தத்து எடுத்துக்கொண்டுவிடும், அப்புறம் நான்கு நாளும் விட மாட்டார்கள், நீச்சல்குளத்துப் பக்கம் ஒளிந்து திரிய வேண்டியிருக்கும்.

ஓ.எம்.ஆர். ஐடி

இதுக்கு இவ்வளவு யோசனையா? ரூம் சர்வீஸ் சொல்லி கேபினிலேயே சாப்பிட்டுப் படம் பார்க்க வேண்டியதுதானே.

ராயபுரம் முன்னாள் வெயிட்டர்

@ஓ.எம்.ஆர். ஐடி, செய்யலாம் தம்பி. மெயின் டைனிங் சாப்பாடு டிக்கெட் காசிலேயே அடக்கம், ரூம் சர்வீஸுக்கு நிறையக் கப்பல்களில் தனியாகக் காசு, மெனுவும் பர்கர், சாண்ட்விச் அளவில்தான். ஜன்னல் இல்லாத கேபினில் கட்டிலில் உட்கார்ந்து பர்கர் சாப்பிட சிங்கப்பூர் வரை போக வேண்டுமா?

பெரம்பூர் ஒண்டிக்கட்டை

இங்கே எல்லோரும் பெண்கள் தனியாகப் போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஆண் தனியாகப் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. மேடத்தைப் பார்த்தால் யாராவது "வாங்கம்மா, உக்காருங்க" என்பார்கள். நாற்பது வயது ஆண் தனியாக வந்து நின்றால் குடும்பங்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளும். நான் போன ஒரு கப்பலில் (பேர் வேண்டாம்) கிச்சன் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மேஜை கொடுத்தார்கள், தட்டோடு போகிற ஒவ்வொரு வெயிட்டரும் என் தோளை இடித்துவிட்டுத்தான் போனார். மாற்றச் சொன்னால் ஹால் ஃபுல் என்றார்கள், என் கண்ணெதிரே ஜன்னல் பக்கம் நாலு மேஜை காலி. மறுநாள் ராத்திரி வாசலிலேயே நின்று, வேறு மேஜை கொடுத்தால்தான் உள்ளே வருவேன் என்ற பிறகுதான் ஆறு பேர் மேஜை கிடைத்தது. மதுரைப் பக்கத்து ரிட்டயர்டு வாத்தியார் தம்பதி, அவர்கள் மகன் குடும்பம். முதல் அரை மணி நேரம் அந்த மருமகள் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார், அப்புறம் வாத்தியார் கிரிக்கெட் ஆரம்பித்தார், எல்லாம் சரியாகிவிட்டது.

அதனால் என் ஓட்டு ஃபிக்ஸட் டேபிளுக்கு. அடையாறு அக்கா மாதிரி பாரில் போய் அறிமுகம் செய்துகொள்வது எல்லோருக்கும் வராது. எனக்கு வராது. மேஜை எண்ணை அவர்களே கார்டில் அச்சடித்துக் கொடுத்தால், அங்கே உட்கார எனக்கு உரிமை இருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தி.நகர் தாத்தா

எங்கள் பெரியப்பா ரஜுலா கப்பலில் பினாங்கு போனவர். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல், டெக்கில் பாயை விரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் போவார்கள். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985ல் தீப்பிடித்ததோடு அதுவும் நின்றுவிட்டது. பக்கத்துப் பாய்க்காரர்தான் சாப்பாட்டுத் துணை, யாரோடு உட்காருவது என்ற கேள்வியே கிடையாது என்பார் பெரியப்பா. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் யார் என்று பார்த்தா அம்மா உட்காருகிறோம்? "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா" என்று ஆரம்பித்து ரசம் வருவதற்குள் பூர்வீகம் வரை போய்விடுவோம். அந்தத் தைரியம் போதும்.

சிங்கப்பூர் வரை போக யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார், 2023ல் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. 1990ல் ராயல் கரீபியன் கம்பெனிக்காக நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டிய பழைய கப்பல்தான். வருஷம் முழுக்க இங்கே இருக்காது, எப்போது வருகிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். அதில் ஏறினால் ஜைனச் சாப்பாடு வரை கிடைக்கும், சைவத்துக்கு விளக்கமே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் கும்பல் கும்பலாக வருவார்கள், தனி ஆளுக்கு அங்கே துணை கிடைப்பது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

அடையாறு ஆலமரம்

தாத்தா சொன்னது உண்மை, குட்டிப் பயணங்களில் எல்லாம் ஆபீஸ் குரூப்பும் பிறந்தநாள் குரூப்பும்தான். தனி ஆட்கள் அதிகம் ஏறுவது நீண்ட பயணங்களில். அக்கா, இந்த முறை பிடித்துப்போனால் அடுத்த முறைக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: நார்வீஜியன் கம்பெனி 2010ல் எபிக் என்ற கப்பலில் தனி ஆளுக்கென்றே சின்னச் சின்ன ஸ்டூடியோ கேபின்கள் கட்டியது, அந்தக் கேபின்காரர்களுக்கு மட்டும் ஒரு லவுஞ்ச் உண்டு, சாயங்காலம் அங்கே கூடிச் சேர்ந்தே சாப்பிடப் போகலாம். க்யூனார்ட் கம்பெனியின் குயீன் மேரி 2 கப்பலிலும் 2016ல் தனி ஆள் கேபின்கள் சேர்த்தார்கள். அங்கே தனியாக வரும் பெண்களோடு நடனமாடுவதற்கென்றே கம்பெனி சார்பில் ஆண்கள் இருப்பார்கள், அது நமக்குத் தேவைப்படாது, சொல்லி வைக்கிறேன்!

நங்கநல்லூர் பென்ஷனர்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. எட்டு மணி, பெரிய மேஜை என்று ஏஜென்டுக்கு மெயில் போட்டுவிட்டேன், முட்டை விஷயத்தையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். கடலிலேயே இருக்கிற நாளில் அடையாறு சொன்ன மாதிரி மத்தியானம் ஷேர் மேஜையும் கேட்டுப் பார்க்கிறேன், இரண்டையும் செய்தால் யாரும் கேஸ் போடப் போவதில்லை.

ராயபுரம் தம்பிக்கு இரண்டு கேள்வி. மேஜை பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொண்டால், மறுநாள் லிஃப்டில் அதே ஆட்களைப் பார்க்க நேருமே, என்ன சொல்வது? அப்புறம், ஒருநாள் எனக்கே அலுப்பாக இருந்து போகவில்லை என்றால் மேஜையில் காத்துக்கொண்டிருப்பார்களா?

ராயபுரம் முன்னாள் வெயிட்டர்

லிஃப்டில் பார்த்தால் சிரித்துவிட்டு "மேஜை மாத்திட்டாங்க" என்று சொல்லுங்கள், யார் மாற்றியது என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். மேஜையில் இருப்பவர்களிடம் முன்கூட்டி எதுவும் சொல்ல வேண்டாம், மேட்ர டீயிடம் தனியாகப் பேசினால் போதும், நாங்கள் இதைத் தினமும் பார்ப்பவர்கள், வெளியே சொல்ல மாட்டோம்.

வராத நாளில் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிஷம், அதற்குள் நாங்கள் ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுவோம். முதல் நாள் ராத்திரியே "நாளைக்கு வரமாட்டேன்" என்று வெயிட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்காகத் தனியாகச் செய்கிற சைவச் சாப்பாடு வீணாகாது. அதுதான் முக்கியம், மற்றவர்கள் மெனுவில் இருப்பதைச் சாப்பிடுகிறார்கள், உங்களுடையதை ஒருத்தர் நின்று சமைக்கிறார்.

அப்புறம் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கையில் வைத்துக்கொள்ளுங்கள், டைனிங் ரூம் ஏசி பயங்கரமாக இருக்கும். ஒரு ராத்திரி ஃபார்மல் டிரெஸ் என்று போடுவார்கள், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போங்கள், போட்டோ எடுக்க வரிசையில் நிற்பார்கள்.